பணம் வந்த ஊரும் வளர்ந்த ஊரும்

(கல்முனையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'பொருளாதார வளர்ச்சியும் அதை இயக்கும் சக்திகளும்' என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் பரீட்சை வினாத்தாள் ஞாபகம் வந்து, சிலர் கதவோரமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. பயப்பட வேண்டாம். வளைகோடு எதுவும் வரையப் போவதில்லை. சம்மாந்துறை வயலையும், மருதமுனைத் தறியையும், ஒலுவில் கடலையும், நம்முடைய சொந்த வீட்டையும் வைத்தே பேசப் போகிறேன்.

2024ஆம் ஆண்டில் இலங்கைப் பொருளாதாரம் 5 வீதம் வளர்ந்தது என்று செய்தியில் சொன்னார்கள். அதைக் கேட்ட ஒரு தாய், "வளர்ச்சி எங்கட அடுப்படிக்கு இன்னும் வரல்லயே மகன்" என்றார். அந்தத் தாய் சொன்னது தப்பா? செய்தி சொன்னது பொய்யா? இரண்டும் இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2022இல் நாட்டின் உற்பத்தி 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. 2023இல் மேலும் 2 வீதத்துக்கு மேல் சுருங்கியது. நூறாக இருந்தது 93 ஆகி, பிறகு 91க்கும் கீழே இறங்கியது. அதன் மேல் 5 வீதம் ஏறினால் வருவது 95. வளர்ந்தோம் என்பது உண்மை. விழுந்த இடத்துக்கே அந்த ஆண்டு முடியும்வரை ஏறி வரவில்லை என்பதும் உண்மை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டதே, அது பிறகு தணிந்தது. தணிந்தபோது விலை ஏறும் வேகம்தான் குறைந்தது. ஏறிய விலை ஏறியபடியே நின்றது. நாடு முழுவதற்குமான கணக்கில் மேல் மாகாணத்தின் பங்கு மட்டும் ஐந்தில் இரண்டுக்கு மேல். நமது கிழக்கின் பங்கு 5 வீதமளவில்தான். கொழும்பில் பெய்த மழைக்குக் கல்முனையில் குடை பிடிக்க முடியுமா?

சரி, அப்படியானால் வளர்ச்சி என்பது என்ன? ஊருக்குள் நிறையப் பணம் வருவதா? உயரமான கட்டடங்களா? கடைத்தெருவில் நெரிசலா? நான் ஒரேயொரு அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறேன். ஒரு மனிதர் ஒரு மணி நேரம் உழைத்தால் அதில் இருந்து என்ன விளைகிறது? போன தலைமுறையை விட இந்தத் தலைமுறைக்கு அது கூடியிருந்தால் வளர்ச்சி. கூடவில்லையென்றால், பணம் எவ்வளவு புழங்கினாலும் அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

றொபர்ட் சோலோ என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1957இல் ஒரு கணக்குப் போட்டார். 1909இல் இருந்து 1949 வரையான நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் விளைவு இரு மடங்கானது. காரணம் என்ன? கூடுதல் மெசினா, கூடுதல் முதலா? கணக்கைப் பிரித்துப் பார்த்தால், கூடிய விளைவில் எட்டில் ஒரு பங்குக்குத்தான் முதல் காரணம். மீதி ஏழு பங்கும் செய்யும் முறை மாறியதால் வந்தது. அறிவு, நுட்பம், ஒழுங்கு என்று எதைச் சொன்னாலும் அதற்குள் அடங்கும். பிறகு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. காசு மட்டும் போதாது என்பதைக் காசை எண்ணிப் பார்த்தே நிறுவிய மனிதர் அவர்.

இனி வயலுக்கு வருவோம்.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. அதற்கு முன்பும் நம் முன்னோர் பட்டிப்பளை ஆற்றை நம்பி வெள்ளாமை செய்தவர்கள்தான். திட்டத்தில் யாருக்குக் காணி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது இன்றுவரை தீராத கணக்கு. அதற்கு இன்னொரு மேடை வேண்டும். இன்று நான் பார்ப்பது தண்ணீரை மட்டும். மழையை அண்ணாந்து பார்த்துப் பெரும்போகம் மட்டும் செய்த பல வட்டைகளில் சிறுபோகமும் விளைந்தது. காணி அதேதான். அந்தக் காணியில் ஆண்டுக்கு இரண்டு அறுவடை. அணை என்பது முதல், அதாவது கண்ணுக்குத் தெரியும் சக்தி.

கண்ணுக்குத் தெரியாத சக்தி ஒன்றும் அதே காலத்தில் வந்தது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? குருநாகல் பக்கம் பத்தலகொடவில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து. அங்கே 1958இல் எச்-4 என்ற புதிய இனத்தை வெளியிட்டார்கள். பிறகு பி.ஜி. என்ற எழுத்துகளோடு எத்தனையோ இனங்கள் வந்தன. அந்த எண்களை இங்கே இருக்கும் விவசாயிகள் பிள்ளைகளின் பெயர் போல ஒப்புவிப்பார்கள். விதைநெல்லின் அருமை எங்கே இருக்கிறது? என்னுடைய உழவு மெசினை நான் ஓட்டும்போது நீங்கள் ஓட்ட முடியாது. ஆனால் நல்ல இனம் எது என்ற அறிவை நான் பயன்படுத்தும்போது நீங்களும் பயன்படுத்தலாம். அக்கரைப்பற்றிலும் பயன்படுத்தலாம், அநுராதபுரத்திலும் பயன்படுத்தலாம். எத்தனை பேர் எடுத்தாலும் அது குறையாது. இந்தக் கருத்தைக் கணிதமாக எழுதிய போல் றோமருக்கு 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் வட்டைகளில் அது அறுபது ஆண்டுகளாக விளைந்துகொண்டிருக்கிறது.

விளைச்சலைத் தாங்கும் சக்திகளில் ஒன்றை இழுத்து எடுத்தால் என்ன ஆகும்? அந்தப் பரிசோதனையையும் இந்த நாடு செய்து பார்த்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடுத்தார்கள். காணி இருந்தது, தண்ணீர் இருந்தது, விதை இருந்தது, விவசாயி இருந்தார். உரம் மட்டும் இல்லை. அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பயிர் மஞ்சளித்து நின்றது. சேதனப் பசளை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குப் பழகுவதற்கு ஆண்டுகள் வேண்டும்; வர்த்தமானிப் பத்திரிகைக்கு ஒரு இரவு போதும். வளர்ச்சியைக் கட்டுவதற்கு எவ்வளவு காலம் எடுக்கும், உடைப்பதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு போகத்தைச் சொல்லுங்கள்.

இனி நான் சொல்லப் போவதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கல்லோயாவின் இடதுகரை. 1981. முப்பது ஆண்டு ஓடிய வாய்க்கால்கள் உடைந்து, தூர்ந்து கிடந்த காலம். அந்த ஆண்டு சிறுபோகத்துக்குக் குளத்தில் இருந்தது கால்வாசித் தண்ணீர்தான். தலைப்பக்கத்து விவசாயி கதவைத் திறந்து வைத்துக்கொண்டால் கடைப்பக்கத்து வயலுக்குச் சொட்டும் வராது. தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைப்பக்கத்தில் தமிழ் பேசும் விவசாயிகள். நாடு போய்க்கொண்டிருந்த திசையை நினைத்துப் பாருங்கள். இந்த நிலையில் என்ன நடந்திருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள்?

நடந்தது வேறு. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்கள் சிலரை அந்தக் கிராமங்களுக்கு அனுப்பின. அவர்கள் அணை கட்டவில்லை, பணம் பங்கிடவில்லை. விவசாயிகளை வாய்க்கால் வாரியாகக் கூட்டி உட்கார வைத்துப் பேசினார்கள். கொஞ்ச வாரங்களில் விவசாயிகள் தாங்களே மண்வெட்டியோடு இறங்கி வாய்க்காலைத் துப்புரவு செய்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். தலைப்பக்கத்தார் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கடைப்பக்கத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் திட்டத்தில் இருந்த நோர்மன் அப்ஹோஃப் 1992இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதே பயிருக்கு முன்பு தேவைப்பட்டதில் பாதித் தண்ணீர் போதுமாக இருந்தது. புதிய அணை ஒன்று கட்டினால் கிடைக்கும் தண்ணீரை, ஒருவரை ஒருவர் நம்பியதால் பெற்றார்கள்!

1377இல் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஏறக்குறைய இதைத்தான் எழுதினார். தனியாக உழைக்கும் மனிதன் தன் வயிற்றையே நிரப்பத் திணறுவான். கூடி உழைத்தால் தங்கள் தேவைக்கு மேல் பல மடங்கு விளைவிப்பார்கள் என்றார். அடம் சிமித் எழுதுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பு! நாம் அவர் பெயரை மீலாத் விழாக் கவியரங்கில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவருடைய பொருளியலை, வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானைமார் நம்மை விட நன்றாக அறிவார்கள்.

ஆனால் வயலின் கதை அறுவடையோடு முடிந்துவிடுவதில்லை. வெட்டு மெசின் இறங்குகிறது, நெல் மூட்டையாகிறது, வயலோரத்தில் லொறி நிற்கிறது. காயாத நெல்லை அன்றைக்கே லொறிக்காரர் சொல்லும் விலைக்குக் கொடுக்கிறோம். ஏன்? உரக் கடன் கழுத்தில் இருக்கிறது. காயவைக்கக் களம் இல்லை. சேர்த்து வைக்க இடம் இல்லை. கணிசமான நெல் நெல்லாகவே பொலன்னறுவைப் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. அரிசியாகி, பையில் பெயர் அச்சடித்து, கல்முனைக் கடைக்கே திரும்பி வருகிறது. போன விலைக்கும் வந்த விலைக்கும் இடையில் இருப்பது யாருடைய கூலி? அவித்தவர், குற்றியவர், தரம் பிரித்தவர், பொறுத்திருந்து விற்றவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. அந்த வேலைகளில் எது நமக்குத் தெரியாத வேலை?

மருதமுனைக்கு வருகிறேன். சாறனும் சாரியும் நெய்த தறிகளின் ஊர். 1970 முதல் 1977 வரை இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். கைத்தறிக்கு நல்ல காலம். 1977க்குப் பிறகு கதவு திறந்தது. விசைத்தறித் துணி மலிவாக வந்து குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கதவைத் திறந்தது தப்பு என்று சொல்பவர்கள் உண்டு. நான் கேட்பது வேறு. கதவு மூடியிருந்த அந்த ஏழு ஆண்டுகளில் தறியில் என்ன மாறியது? நூல் வாங்கும் முறையிலோ, சாயத்திலோ, வடிவத்திலோ என்ன புதிதாகக் கற்றோம்? காவல் இருந்த காலத்தைக் கற்கும் காலமாக ஆக்கிக்கொண்ட நாடுகள் பிழைத்தன. பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. இலங்கையிலேயே அதிக உயிர்களைக் கொடுத்த மாவட்டம் நம் அம்பாறை. அதைப் பற்றி இந்த மண்டபத்தில் விவரிக்கத் தேவையில்லை. கடல் மனிதர்களோடு தறிகளையும் கொண்டு போனது. எஞ்சிய நெசவாளர் மீண்டும் தறி போட்டார்கள். அவர்களுடைய கைத்திறன் உலகத்தில் யாருக்கும் குறைந்ததில்லை. ஆனாலும் ஒரு நாள் முழுக்க நாடா ஓட்டிக் கையால் நெய்யும் உழைப்பு, சாதாரணச் சாறன் விலையில் விசைத்தறியை வெல்ல முடியாது. விசைத்தறியால் நெய்ய முடியாத துணியில்தான் வெல்ல முடியும்.

இனி, சகோதரர்களே, கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். நம் வீட்டுக்கு.

1970களின் பிற்பகுதியில் இருந்து நம் ஊர்கள் வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகின்றன. சவூதி, குவைத், கட்டார், டுபாய். சாரதியாக, மேசனாக, மின் வேலைக்காரராக ஆண்கள். வீட்டுப் பணிப்பெண்ணாகத் தாய்மார். 2020இல் நாடு முழுவதற்கும் இப்படி வந்த பணம் 710 கோடி டொலர். 2022இல் அது 380 கோடிக்கு இறங்கியது. உழைத்தவர்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்களா? இல்லை. வங்கி டொலருக்கு 200 ரூபாய் என்று பிடித்து வைத்திருந்தபோது வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார். பணம் அந்த வழியாக வந்தது. டொலர் வங்கிக்கு வராமல் போனது. எரிவாயுக் கப்பலுக்குக் கட்டக் காசில்லாமல் போனது. நாம் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றோம். அனுப்பியவர் மேல் பிழையா? விலையைப் பொய்யாகப் பிடித்து வைத்தவர் மேல் பிழையா? நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

வந்த பணம் எங்கே போனது? கல்முனைக்குடியில் இருந்து சாய்ந்தமருது வரை எந்த ஒழுங்கைக்குள்ளும் நுழைந்து பாருங்கள். கீழ்த்தளம் முடிந்த வீடு; முன்பக்கம் மட்டும் பூசி, வர்ணம் அடித்திருக்கும்; பக்கச் சுவரில் கல் தெரியும். மேலே கொங்கிறீட் தட்டு. தட்டின் ஓரத்தில் துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். அந்தக் கம்பிகள் யாருக்கு? இரண்டாவது மகளுக்கு. மூத்தவளுக்குக் கீழ் வீடு. இளையவளுக்கு மேல் வீடு. வாப்பா இன்னும் நாலு வருஷம் கட்டாரில் நிற்க வேண்டும் என்பது அந்தக் கம்பிகளிலேயே எழுதியிருக்கிறது.

நம் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். வீடும் வளவும் பெண் பெயரில் எழுதப்படுகின்றன. இதை நான் இழிவாகப் பேச மாட்டேன். தன் பெயரில் கூரை உள்ள பெண்ணை யாரும் தெருவில் விட முடியாது. எத்தனையோ நாடுகளில் பெண்கள் போராடியும் பெறாத பாதுகாப்பு அது. அதோடு சேர்த்து மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் கைக்கூலிக்கு மட்டும் என்னிடம் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை.

ஆனால் பொருளியல் கண்ணால் பாருங்கள். இருபது ஆண்டு வெயிலில் உழைத்த பணம் சீமெந்தாக, கம்பியாக, ரைல்ஸாக மாறுகிறது. கட்டும்போது மேசனுக்கும் தச்சருக்கும் வேலை உண்டு. கட்டி முடிந்ததும் அந்த வேலை முடிந்தது. இன்னொன்றும் உண்டு. நம் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் துண்டு. அந்தத் துண்டின் மேல் வெளிநாட்டுக் காசு வந்து விழுந்தால் என்ன ஆகும்? ஒரு பேர்ச் காணியின் விலை ஏறும். அதே காணி, அதே மணல், அதே நாலு தென்னை; விலை மட்டும் பல மடங்கு. இதில் என்ன விளைந்தது? ஒன்றும் விளையவில்லை. நேற்று வாங்கியவர் மகிழ்ந்தார், நாளை வாங்க வேண்டியவர் இன்னும் ஐந்து வருஷத்துக்கு விமானம் ஏறினார். பணம் வந்தது, வளர்ச்சி வந்ததா?

பங்களாதேஷில் என்ன நடந்தது என்று கேளுங்கள். 1979இல் தேஷ் என்ற ஒரு புதிய ஆடை நிறுவனம் 130 தொழிலாளரைத் தென்கொரியாவுக்கு அனுப்பியது. டேவூ நிறுவனத்தின் தொழிற்சாலையில் சில மாதங்கள் தையல், வெட்டு, தரக் கட்டுப்பாடு, கணக்கு எல்லாம் கற்றார்கள். திரும்பி வந்தார்கள். கொஞ்ச ஆண்டுகளில் அந்த 130 பேரில் பெரும்பாலோர் தேஷை விட்டு விலகித் தாங்களே தொழிற்சாலை தொடங்கினார்கள், அல்லது தொடங்கியவர்களுக்கு வழி காட்டினார்கள். இன்று உலகின் முன்னணி ஆடை ஏற்றுமதி நாடுகளில் பங்களாதேஷ் ஒன்று. அங்கே வேலை நிலைமை எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. 2013இல் ரானா பிளாசா இடிந்ததை உலகம் பார்த்தது. ஆனால் அந்த 130 பேர் கொண்டு வந்ததை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பெட்டியில் பெரிய பணம் இருக்கவில்லை. தலைக்குள் ஒரு தொழில் இருந்தது.

நம்மவர்களும்தான் போய் வருகிறார்கள். பெரிய கட்டடத்தின் குளிரூட்டல் தொகுதியைப் பத்து வருஷம் இயக்கிய ஆள் வருகிறார். கப்பல் கொள்கலன் கணக்கைப் பார்த்தவர் வருகிறார். நூறு பேருக்குச் சமைக்கும் அடுப்படியை நடத்திய தாய் வருகிறார். ஊருக்கு வந்ததும் அந்த ஆண் முச்சக்கரவண்டி வாங்குகிறார். அந்தத் தாய் வீட்டுக்குள் அமர்ந்துவிடுகிறார். அவர்கள் கொண்டு வந்த தொலைக்காட்சியின் அங்குலம் தெருவுக்கே தெரியும். கற்று வந்தது என்ன என்று எவரும் கேட்டதில்லை.

இனி அரசாங்கம். எல்லாவற்றையும் நம் தலையிலேயே போட்டுவிட்டால் அவர்கள் தூங்கிவிடுவார்கள்.

ஒலுவில் துறைமுகம், துறைமுக அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் கனவு. டென்மார்க் கடனில் கட்டி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். கடலுக்குள் நீண்ட கல்லணை, கரையோரமாக ஓடும் மணலை மறித்தது. ஒரு பக்கம் மணல் குவிந்தது. துறைமுக வாயை மணல் மூடியது. வடக்குப் பக்கம் கடல் கரையை அரித்துத் தென்னைகளையும் காணிகளையும் கொண்டு போனது. வணிகக் கப்பல் வரவில்லை. மீன்பிடிப் படகுக்கே வாசல் அடைபட்டது. அதே 2013இல்தான் மட்டக்களப்புக் கல்லடியில் புதிய பாலமும் திறந்தது. 1924இல் கட்டிய பழைய பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் வரும்வரை மறுபக்கம் காத்துக் கிடந்ததை இங்கே பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். நோயாளி காத்துக் கிடந்தார், மீன் லொறியும் காத்துக் கிடந்தது. புதிய பாலம் அந்தக் காத்திருப்பைத் தீர்த்தது. இரண்டும் கடன், இரண்டும் கொங்கிறீட், இரண்டும் அபிவிருத்தி என்று பெயர் பலகை வைத்தவைதான். ஒன்று, சனம் ஏற்கனவே முட்டி மோதிக்கொண்டிருந்த இடத்தில் வந்தது. மற்றது, கப்பல் வருமா, மணல் எங்கே போகும் என்ற கேள்விகளுக்கு உறுதியான பதில் வருமுன்னே வந்தது. ஒலுவிலிலேயே அஷ்ரஃப் அவர்கள் போட்ட இன்னொரு முதலும் இருக்கிறது: 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் வாசலை எந்த மணலும் மூடவில்லை. ஒவ்வொரு ஆண்டும் நம் பிள்ளைகள் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள், அவர்களில் பெண் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கு ஆசிரியர் நியமனம் தவிர வேறென்ன வேலையை இந்த ஊர் வைத்திருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்டு நிறுத்திக்கொள்கிறேன். வரும் பெரும்போக அறுவடையில் ஒரு கொப்பி எடுங்கள். வயலோரத்தில் ஒரு கிலோ நெல் என்ன விலைக்குப் போனது, அதே வாரம் கல்முனைச் சந்தையில் ஒரு கிலோ அரிசி என்ன விலை, இரண்டு மாதம் கழித்து இரண்டும் என்ன விலை என்று எழுதுங்கள். உங்கள் ஒழுங்கையில் வெளிநாடு போய் வந்தவர்கள் யார் யார், அங்கே என்ன வேலை செய்தார்கள், இங்கே என்ன செய்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தக் கொப்பிகளை ஒன்றாகச் சேர்த்து, அரிசி ஆலைக்காரர்களையும் கூட்டுறவுச் சங்கத்தாரையும் பள்ளிவாசல் நிர்வாகிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து வாசித்துக் காட்டுவோம். இடதுகரையில் அன்றைக்கு வேலை தொடங்கியதும் இப்படித்தான்.